சிறார் கதைகளில் அப்பா அம்மாவைச் சேர்த்துவைக்கும் பொறுப்பு ஏன் பிள்ளை தலையில் விழுகிறது?

#1 | தாழ்வாரம்

எல்லோருக்கும் வணக்கம். புத்தகப் பரிந்துரை கேட்டுத்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன். ஆனால் நான் என்ன தேடுகிறேன் என்று புரிய, நடந்ததைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

என் மகளுக்கு 11 வயது. நானும் அவள் அப்பாவும் பிரிந்து இரண்டு வருடம் ஆகிறது. வீட்டில் இப்போது சத்தம் இல்லை. அவளும் நன்றாகத்தான் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போன மாதம் ஒரு சிறார் நாவல் வாங்கிக் கொடுத்தேன். பின்னட்டையில் குடும்பம், நட்பு, வளர்தல் என்றெல்லாம் போட்டிருந்தது. உள்ளே கதை இதுதான்: பிரிந்திருக்கும் பெற்றோரை அவர்களுடைய மகள் தந்திரம் செய்து ஒரே இடத்துக்கு வரவழைக்கிறாள். இருவரும் அழுகிறார்கள், மன்னிப்புக் கேட்கிறார்கள், மூன்று பேரும் ஒரே வீட்டுக்குத் திரும்புகிறார்கள்.

இரண்டே மாலைகளில் படித்து முடித்துவிட்டாள். நன்றாக இருந்ததா என்று கேட்டேன். ம் என்றாள். அப்புறம் அந்தப் புத்தகத்தை அலமாரியில் வைத்தாள். பெயர் தெரியும் பக்கம் சுவரைப் பார்க்கும்படி, தாள்களின் ஓரம் மட்டும் வெளியே தெரியும்படி திருப்பி வைத்தாள். அன்று இரவு விளக்கை அணைத்த பிறகு சொன்னாள்: "அந்தப் பொண்ணு எவ்வளவோ செஞ்சா இல்லம்மா. நான் ஒண்ணுமே செஞ்சு பார்க்கலையே."

"அது வெறும் கதைடா" என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போதே தப்பு என்று தெரிந்தது. கதைக்குள்ளே உண்மை இருக்கும் என்று சொல்லிச் சொல்லி அவளை வளர்த்ததே நான்தான்.

என் கேள்வி இரண்டு. குடும்பம் திரும்ப ஒன்றுசேராமலே பிள்ளை தேறி வருகிற கதைகள் இருக்கின்றனவா? அப்புறம், எழுதுகிறவர்கள் ஏன் இப்படி எழுதுகிறார்கள்?

#2 | ஈரமணல்

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் தட்டச்சு செய்ய முடியவில்லை. பதில் தெரிந்தவர்கள் வருவார்கள். நானும் இந்த இழையைப் பின்தொடர்கிறேன்.

#3 | நூலகத்தில்22வருடம்

தாழ்வாரம் அவர்களே, சிறார் பிரிவில் உட்கார்ந்து இத்தனை வருடத்தில் உங்கள் மகள் கேட்டதை வேறு வேறு வாயால் பலமுறை கேட்டிருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். புத்தகங்களின் முடிவுகளையும் சொல்லப்போகிறேன். வேண்டாதவர்கள் தாண்டிப் போகலாம்.

பெற்றோரைப் பிள்ளைகளே சேர்த்துவைக்கும் கதைக்கு ஒரு பெரிய முன்னோடி உண்டு. ஜெர்மன் எழுத்தாளர் எரிக் கெஸ்ட்னர் 1949இல் வெளியிட்ட 'தஸ் டோப்பெல்ட்டே லோட்சென்'. கோடை முகாமில் இரண்டு சிறுமிகள் சந்திக்கிறார்கள், அச்சு அசல் ஒரே முகம். பெற்றோர் பிரிந்தபோது ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொண்டு போன இரட்டையர் அவர்கள். ஒருத்தி மியூனிக்கில் அம்மாவிடமும் இன்னொருத்தி வியன்னாவில் அப்பாவிடமும் வளர்கிறார்கள். இடம் மாறிப் போய், கடைசியில் பெற்றோரைச் சேர்த்தும் வைத்துவிடுகிறார்கள். பிறகு வந்த எத்தனையோ கதைகளும் படங்களும் இதே தடத்தில்தான் போயின.

கெஸ்ட்னரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. விவாகரத்தைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசவே கூடாது என்று பெரியவர்கள் நினைத்த காலம் அது. கதையின் நடுவே அவரே நிறுத்தி, வாசகரிடம் நேராகப் பேசுகிறார். பெற்றோர் பிரிந்ததால் துன்பப்படும் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள், பெற்றோர் பிரியாததால் துன்பப்படும் பிள்ளைகளும் நிறையப் பேர் இருக்கிறார்கள், அந்தத் துன்பத்தைப் பிள்ளைகள் தாங்கலாம் என்றால் அதைப் பற்றி அவர்களிடம் புரியும்படி பேசாமல் இருப்பது எப்படி நியாயம் என்று கேட்கிறார். அந்தப் பத்தி இருக்கிறதே, அதற்காகவே அவர் காலில் விழலாம். ஆனால் முடிவு என்று வரும்போது அவரும் சேர்த்துத்தான் வைத்தார்.

நீங்கள் தேடும் புத்தகம் 1983இல் வந்தது. அமெரிக்க எழுத்தாளர் பெவர்லி கிளியரியின் 'டியர் மிஸ்டர் ஹென்ஷா'. மறு வருடம், அமெரிக்காவில் சிறந்த சிறார் நூலுக்குத் தரும் நியூபெரி பதக்கம் வாங்கியது. பெற்றோர் பிரிந்த ஒரு பையனைப் பற்றி எழுதுங்கள் என்று ஒருவரையொருவர் அறியாத இரண்டு பையன்கள் அவரிடம் கேட்டார்களாம், அதிலிருந்து பிறந்த கதை. லே என்ற பையன் தனக்குப் பிடித்த எழுத்தாளருக்குக் கடிதம் எழுதுகிறான். பிறகு நாட்குறிப்பு எழுதுகிறான். முழுப் புத்தகமும் அவ்வளவுதான். அப்பா லாரி ஓட்டுகிறவர், கூப்பிடுகிறேன் என்பார், கூப்பிட மாட்டார். பள்ளியில் யாரோ இவன் சாப்பாட்டுப் பெட்டியிலிருந்து நல்லதை மட்டும் எடுத்துவிடுகிறார்கள்.

அவன் என்ன செய்கிறான் தெரியுமா? மின்கலம், மணி, கம்பி எல்லாம் வைத்து சாப்பாட்டுப் பெட்டிக்கு ஒரு திருட்டு மணி செய்கிறான். சாப்பிடுவதற்காக அவனே பெட்டியைத் திறக்க, அது எல்லோர் முன்னாலும் அலறுகிறது. அதனால் நாலு பேர் அவனைத் திரும்பிப் பார்க்கிறார்கள், ஒரு நண்பன் கிடைக்கிறான். அப்பாவை அவனால் சரிசெய்ய முடியாது. பெட்டிக்கு மணி கட்ட முடியும்.

கடைசியில் அப்பா வருகிறார், நாயையும் கூட்டிக்கொண்டு. அம்மா திரும்பச் சேர மறுத்துவிடுகிறாள். நாயை வைத்துக்கொள்கிறாயா என்று அப்பா கேட்க, வண்டியில் உங்களுக்குத் துணையாக இருக்கட்டும் என்று லே திருப்பி அனுப்புகிறான். வருத்தமாகவும் அதே நேரத்தில் மனசு லேசாகவும் இருந்தது என்பதோடு கதை நின்றுவிடுகிறது. இந்த முடிவை வாசித்துக் காட்டும்போது பிள்ளைகள் முகத்தைப் பார்த்திருக்கிறேன். யாரும் ஏமாந்ததுபோல் இருக்க மாட்டார்கள்.

#4 | கதைகட்டி

இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்ல முயல்கிறேன். சிறாருக்கு எழுதுகிறவன் நான். இந்தத் தப்பை நானும் செய்திருக்கிறேன்.

சிறார் கதை எழுதப் பழகும்போது முதலில் கற்றுத்தரும் விதி: கதையின் சிக்கலைப் பிள்ளைதான் தீர்க்க வேண்டும், பெரியவர் வந்து தீர்த்துவைக்கக் கூடாது. நல்ல விதி. துப்பறியும் கதைக்கும் சாகசக் கதைக்கும் கச்சிதமாகப் பொருந்தும். அதற்காகத்தான் பழைய கதைகளில் பெற்றோரை முதல் அத்தியாயத்திலேயே சாகடித்துவிடுவார்கள், இல்லையென்றால் தூர தேசத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அனாதைப் பிள்ளைக்குக் கட்டுப்பாடு இல்லை, கதை தடையில்லாமல் ஓடும்.

குடும்பக் கதைக்கு வரும்போது இந்த விதி பிள்ளையைக் கடிக்கிறது. சிக்கல் பெரியவர்களுடையது. அப்பாவின் குடி, அம்மாவின் நோய், இரண்டு பேருக்கும் நடுவில் செத்துப்போன பேச்சு. சிக்கலைப் பிள்ளை தீர்க்க வேண்டும் என்ற விதியை அங்கேயும் கொண்டுபோய் வைத்தால் என்ன ஆகும்? 11 வயதுப் பிள்ளை ஒரு திருமணத்தைப் பழுதுபார்க்கிறது. அதைப் படிக்கும் இன்னொரு 11 வயதுப் பிள்ளை, நான் ஏன் பழுதுபார்க்கவில்லை என்று இரவில் கேட்கிறது.

விதியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. எந்தச் சிக்கல் பிள்ளையுடையது என்று சரியாகப் பார்த்தால் போதும். பெற்றோர் பிரிகிறார்கள் என்பது அவர்கள் சிக்கல். பள்ளியில் கொடுத்த படிவத்தில் இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டும் என்று இருக்கிறது, யாரிடம் முதலில் நீட்டுவது என்பது பிள்ளையின் சிக்கல். இரண்டாவதை வைத்துத்தான் கதை கட்ட வேண்டும். நூலகத்தார் சொன்ன திருட்டு மணி அதற்கு முழு உதாரணம்.

#5 | மூன்றுபிள்ளைஅப்பா

எல்லோரும் ஒரே பக்கம் பேசுகிறீர்கள், நான் மறுபக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். தாழ்வாரம் அவர்களின் நிலை எனக்குப் புரிகிறது. ஆனால் இப்போது வரும் சிறார் புத்தகங்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. சாவு, புற்றுநோய், தற்கொலை, வன்முறை. எந்தப் பக்கம் புரட்டினாலும் துக்கம். பரிசு வாங்கிய புத்தகம் என்றால் கடைசியில் நாய் சாகும் என்று என் மூத்தவன் முன்கூட்டியே சொல்லிவிடுகிறான்.

என் நடுப்பிள்ளைக்கு 10 வயது. பள்ளியில் கொடுத்த ஒரு நாவலில் தோழி செத்துப்போகிறாள். நான்கு நாள் சரியாகத் தூங்கவில்லை அவன். பிள்ளைகளுக்கு மகிழ்ச்சியான முடிவு கொடுப்பதில் என்ன குற்றம்? வாழ்க்கை பிறகு எப்படியும் கற்றுக்கொடுக்கத்தானே போகிறது. புத்தகத்திலாவது அடைக்கலம் இருக்கட்டுமே.

#6 | பத்தாம்வரிசை

எனக்கு 16 வயசு. இந்த இழையில் பிள்ளைகள் பற்றிப் பிள்ளைகள் யாருமே பேசவில்லை, அதனால் எழுதுகிறேன்.

அங்கிள், உங்கள் மகன் தூங்காத நான்கு நாளும் அவன் அந்தக் கதையை யோசித்திருப்பான். நானும் அப்படி இருந்திருக்கிறேன். அது கெட்டது என்று எனக்குத் தோன்றவில்லை. என்னைக் கெடுத்த புத்தகங்கள் வேறு. எங்கள் வயசுக்கென்று எழுதினதாகச் சொல்வார்கள். 14 வயசுப் பையன் கதை சொல்வான். ஆனால் மூன்றாவது பக்கத்திலேயே அவன் வாயில் ஒரு வாத்தியார் உட்கார்ந்திருப்பது தெரிந்துவிடும். 'என் உணர்வுகளைப் பகிர்ந்துகொள்வதே சிறந்தது என்று அன்று உணர்ந்தேன்' என்பான். நாங்கள் யாருமே அப்படிப் பேசுவதில்லை. அந்த வரி வந்ததும் மூடிவிடுவேன். ஏமாற்றிவிட்டார்கள் என்று இருக்கும்.

எனக்குப் பிடித்தது 'தி அவுட்சைடர்ஸ்'. எஸ். இ. ஹின்டன் அதை 15 வயசில் எழுதத் தொடங்கி, 1967இல் புத்தகம் வந்தபோது அவருக்கு 18தான். பெண் எழுதியது என்று தெரிந்தால் பையன்களின் கதையை மதிக்க மாட்டார்கள் என்று முதலெழுத்துகளை மட்டும் அட்டையில் போட்டார்கள். அதில் மூன்று அண்ணன் தம்பிகள், பெற்றோர் விபத்தில் இறந்துவிட்டார்கள். மூத்தவனுக்கு 20 வயசு, அவன்தான் வீட்டை நடத்துகிறான். ஏதாவது பிரச்சினையில் மாட்டினால் தம்பிகளைப் பிரித்துக் கொண்டுபோய்விடுவார்கள் என்ற பயம் அவனுக்கு. கடைக்குட்டிக்கு அது தெரியாது. அண்ணனுக்குத் தன்னைப் பிடிக்கவே இல்லை என்று நினைக்கிறான். படிக்கிற நமக்கு மட்டும் புரியும், அண்ணன் ஏன் கத்துகிறான் என்று. எனக்கும் ஒரு அண்ணன் இருக்கிறான். அவ்வளவுதான் சொல்வேன்.

#7 | நூலகத்தில்22வருடம்

தம்பி, மேலே நீங்கள் எழுதியதை அச்செடுத்து எங்கள் பிரிவில் ஒட்டி வைக்கலாம் போலிருக்கிறது.

மூன்றுபிள்ளைஅப்பா அவர்களுக்கு: தோழி இறக்கும் அந்த நாவல் 'பிரிட்ஜ் டு டெராபித்தியா' என்று ஊகிக்கிறேன். கேத்தரின் பேட்டர்சன் 1977இல் எழுதியது. அவர் ஏன் எழுதினார் என்று தெரிந்தால் உங்களுக்கு அதன்மேல் கொஞ்சம் கனிவு வரலாம். அவருடைய மகனின் நெருங்கிய தோழி, எட்டே வயதில், மின்னல் தாக்கி இறந்துவிட்டாள். மகனுக்கு எப்படி ஆறுதல் சொல்வது என்று தெரியாமல், தனக்கும் புரிந்துகொள்ளத்தான் அவர் அதை எழுதினார். துக்கத்தைப் பிள்ளைக்குக் கொடுக்க எழுதிய புத்தகம் இல்லை அது. துக்கம் முதலில் வந்தது. புத்தகம் பின்னால் போய் அதன் பக்கத்தில் உட்கார்ந்தது.

அமெரிக்காவில் அதைப் பள்ளிகளிலிருந்து எடுக்கச் சொல்லிப் பலமுறை பெற்றோர் மனுக் கொடுத்திருக்கிறார்கள். ஆக, உங்கள் கவலை புதிதும் இல்லை, அலட்சியம் செய்யக் கூடியதும் இல்லை. ஆனால் முடிவை நினைத்துப் பாருங்கள். ஓடைக்கு மேலே கட்டிய கயிறு அறுந்துதான் அந்தப் பெண் போகிறாள். இறந்தவளை அந்தப் பையனால் திரும்பக் கொண்டுவர முடியவில்லை. அதே ஓடைக்குக் குறுக்கே பலகை போட்டு ஒரு பாலம் கட்டுகிறான், தங்கையைக் கைபிடித்து அக்கரைக்குக் கூட்டிப் போகிறான். கதைகட்டி சொன்னதுதான் இங்கேயும். சாவு அவனுடைய சிக்கல் இல்லை, பாலம் அவனுடையது.

#8 | மூன்றுபிள்ளைஅப்பா

அந்த நாவல்தான். சரியாகச் சொன்னீர்கள். மகனுடைய தோழி பற்றி எனக்குத் தெரியாது. பாலம் வரைக்கும் நான் படிக்கவே இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன், அவன் அழுததைப் பார்த்ததும் ஆசிரியருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

ஆனாலும் வயது என்று ஒன்று இருக்கிறது இல்லையா? 10 வயதுக்கு எது, 14 வயதுக்கு எது என்று யார் பார்க்கிறார்கள்?

#9 | கேட்கும்நாற்காலி

பள்ளிப் பிள்ளைகளுக்கு மனநல ஆலோசனை சொல்லும் வேலை எனக்கு. வயதுக் கேள்விக்கு என் தரப்பிலிருந்து கொஞ்சம்.

மிகச் சின்னப் பிள்ளைகள் இறந்தவர் திரும்பி வருவார் என்று நம்புவார்கள். சாவு மாற்ற முடியாதது, எல்லோருக்கும் வருவது என்ற புரிதல் பெரும்பாலும் 5 வயதிலிருந்து 7 வயதுக்குள் உருவாகிறது. எனவே 10 வயதுப் பையனுக்குச் சாவு என்றால் என்னவென்று தெரியும். அவனுக்குத் தெரியாதது, தனக்கு வரும் உணர்ச்சிகள் மற்றவர்களுக்கும் வருமா என்பது. அங்கேதான் கதை உதவுகிறது.

இன்னொன்று. வீட்டில் என்ன கெட்டது நடந்தாலும் அது தன்னால்தான் என்று பிள்ளைகள் நினைப்பார்கள். அன்று நான் அடம்பிடித்தேன், அதனால்தான் அப்பா போய்விட்டார். நான் மனதுக்குள் கோபப்பட்டேன், அதனால்தான் அம்மாவுக்கு நோய் வந்தது. வெளியே சொல்லவும் மாட்டார்கள். தாழ்வாரம் அவர்களின் மகள் சொல்லிவிட்டாள் என்பதே பெரிய விஷயம். உங்கள்மேல் அவளுக்கு நம்பிக்கை இருக்கிறது. அதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்தக் குற்ற உணர்வை நேராகத் தொட்ட புத்தகம் 'எ மான்ஸ்டர் கால்ஸ்'. ஷிவான் டவுட் என்ற எழுத்தாளர் யோசித்து வைத்த கரு அது. 2007இல் புற்றுநோயால் அவர் இறந்துவிட, பேட்ரிக் நெஸ் எழுதி 2011இல் வெளிவந்தது. கானருக்கு 13 வயது, அம்மா சாகக் கிடக்கிறாள். இரவு 12:07க்கு ஒரு மரப் பூதம் வந்து மூன்று கதை சொல்கிறது. நான்காவது கதையை அவன் சொல்ல வேண்டும், அது உண்மையாக இருக்க வேண்டும். அவன் மறைத்துவைத்த உண்மை இதுதான்: இதெல்லாம் சீக்கிரம் முடிந்துவிட்டால் போதும் என்று ஒரு மூலையில் அவன் ஆசைப்பட்டிருக்கிறான். அம்மா போகக் கூடாது என்றும் முழு மனதோடு விரும்பியிருக்கிறான். இரண்டும் ஒரே மனதில் இருக்கலாம், நினைத்ததால் எதுவும் நடந்துவிடவில்லை என்று பூதம் அவனுக்குச் சொல்கிறது. பெரியவர்களே இந்த உண்மையை வாய்விட்டுச் சொல்ல எவ்வளவு திணறுகிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

அதே நேரத்தில் ஒரு எச்சரிக்கை. புத்தகத்தால் மனதைத் தேற்றும் முறைக்கு 'பிப்ளியோதெரபி' என்று 1916லேயே ஒரு பெயர் வைத்துவிட்டார்கள். பெயரில் சிகிச்சை இருப்பதால் மாத்திரை மாதிரி கொடுக்கக் கூடாது. அம்மாவை இழந்த பிள்ளையிடம் அந்த வாரமே அம்மா இறக்கும் கதையை நீட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சில பிள்ளைகளுக்குத் தன் கதையே வேண்டும். சிலருக்குத் தூரம் வேண்டும், ஒரு யானைக்கோ டிராகனுக்கோ நடந்தால்தான் பார்க்க முடியும். எது வேண்டும் என்று பிள்ளைதான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

#10 | ஈரமணல்

இந்தத் தூரம் பற்றி ஒன்று. ருடீன் சிம்ஸ் பிஷப் என்ற அமெரிக்கச் சிறார் இலக்கிய ஆய்வாளர் 1990இல் ஒரு கட்டுரையில் சொன்ன உவமை எனக்கு மிகவும் பிடிக்கும். புத்தகம் சில நேரம் சன்னல், அடுத்தவர் வாழ்க்கையைக் காட்டும். சில நேரம் கதவு, உள்ளே நடந்துபோகலாம். வெளிச்சம் சரியாக விழுந்தால் அதே சன்னல் கண்ணாடியாகி நம் முகத்தைக் காட்டும். அமெரிக்கச் சிறார் புத்தகங்களில் தங்கள் முகத்தையே பார்க்க முடியாத கறுப்பினப் பிள்ளைகளை மனதில் வைத்துச் சொன்னார். பெற்றோர் பிரிந்த பிள்ளைக்கும் அது பொருந்துகிறது. தாழ்வாரம் அவர்களின் மகள் கண்ணாடியைத்தான் தேடிப் போனாள். அதில் வேறு யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

#11 | தாழ்வாரம்

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவே இல்லை. ஒவ்வொன்றையும் இரண்டு முறை படித்தேன்.

'டியர் மிஸ்டர் ஹென்ஷா' வாங்கி வைத்திருக்கிறேன். இன்னும் கொடுக்கவில்லை. கேட்கும்நாற்காலி சொன்னதைப் படித்த பிறகு கை தயங்குகிறது. நானே போய் இந்தா உனக்கான கதை என்று நீட்டினால், அது மருந்து மாதிரி ஆகிவிடாதா? கொடுத்த பிறகு எப்படிப் பேசுவது? பேசாமலே விட்டுவிடலாமா?

#12 | நூலகத்தில்22வருடம்

பேசாமல் விடலாம். அது தப்பே இல்லை.

டேனியல் பென்னாக் என்ற பிரெஞ்சு எழுத்தாளர், ஆசிரியராகவும் இருந்தவர், 1992இல் வாசகரின் உரிமைகள் என்று பத்து எழுதினார். படிக்காமல் இருக்கும் உரிமை, பக்கங்களைத் தாண்டும் உரிமை, பாதியில் விடும் உரிமை என்று போகும். பத்தாவது, படித்ததைப் பற்றிப் பேசாமல் இருக்கும் உரிமை. எனக்கு மற்ற ஒன்பதைவிட அதுதான் முக்கியம். புத்தகத்தை மூடின அடுத்த நிமிடம் என்ன கற்றுக்கொண்டாய் என்று கேட்டால், அடுத்த முறை பிள்ளை மூடின புத்தகத்தை ஒளித்துவைக்கும்.

நான் என்ன செய்வேன் என்றால், நாலைந்து புத்தகங்களை மேசையில் சேர்த்துப் போட்டுவைப்பேன். ஒன்று வேடிக்கைக் கதை, ஒன்று துப்பறியும் கதை, நடுவில் நான் கொடுக்க நினைத்தது. எதையும் சுட்டிக்காட்ட மாட்டேன். பெரும்பாலும் பிள்ளைகள் தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே மோப்பம் பிடித்துவிடுவார்கள். அப்புறம் ஒரு நடைமுறைச் செய்தி: பிள்ளைகள் தங்களைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர்களைப் பற்றித்தான் படிக்க விரும்புவார்கள். லே கதை நகர நகர ஆறாம் வகுப்புக்கு வந்துவிடுவான். உங்கள் மகளுக்குச் சரியாக இருக்கும், இன்னும் இரண்டு வருடம் போனால் சின்னப் பிள்ளைக் கதை என்று தள்ளிவிடலாம்.

மூன்றுபிள்ளைஅப்பா கேட்டதற்கும் இதிலேயே ஒரு பதில் இருக்கிறது. 8 முதல் 12 வரையான பிள்ளைகளுக்கு எழுதும் கதைகள் வழக்கமாக வீடு, பள்ளி, நண்பர்கள் என்று சுற்றி, கடைசியில் ஒரு கையைப் பிடித்துக்கொண்டு முடியும். 12க்கு மேலே போகும் கதைகள் அந்தக் கையை விடுவதைப் பற்றி இருக்கும். அட்டையில் போட்ட எண்ணைவிட இதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது எனக்கு உதவியிருக்கிறது.

#13 | கதைகட்டி

பத்தாம்வரிசை எழுதியது என்னைத் தூங்கவிடவில்லை. நான் எழுதிக்கொண்டிருக்கும் கதையை எடுத்துப் பார்த்தேன். அதில் அந்த வாத்தியார் உட்கார்ந்திருந்தார். 'பெற்றோரின் பிரிவுக்கு நான் காரணமல்ல என்று எனக்குப் புரிந்தது' என்று என் 12 வயதுப் பெண் சொல்கிறாள். கருத்து சரி. ஆனால் அது புரிந்த பிள்ளை அதைச் சொல்லாது. சொல்கிற பிள்ளைக்கு அது இன்னும் புரிந்திருக்காது.

அந்த வரியை எடுத்துவிட்டு இப்படி எழுதினேன். பாருங்கள்:

'டிவி ஓடும்போது நான் எப்போதும் சத்தத்தை எட்டில் வைப்பேன். எட்டில் வைத்தால் பாட்டும் கேட்கும், அடுத்த அறையில் அவர்கள் பேசுவதும் கேட்கும். பேச்சு உயர்ந்தால் நான் போய்த் தண்ணீர் கேட்பேன். தண்ணீர் கேட்டால் நிறுத்துவார்கள். இன்று அம்மா மட்டும் வீட்டில் இருக்கிறாள். சத்தம் எட்டிலேயே இருந்தது. ரிமோட்டை எடுத்து ஒன்பது வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் பதினைந்து வைத்தேன். அம்மா உள்ளேயிருந்து சத்தத்தைக் குறை என்று கத்தினாள்.'

பதின்ம வயதில் இருப்பவர் நீங்கள்தான் சொல்ல வேண்டும் பத்தாம்வரிசை. இதில் வாத்தியார் தெரிகிறாரா?

#14 | பத்தாம்வரிசை

தெரியவில்லை. தண்ணீர் கேட்பது உண்மை. நான் தண்ணீர் கேட்டதில்லை, கணக்கில் சந்தேகம் கேட்பேன்.

ஆனால் கடைசியில் அம்மா கத்துவது எனக்குப் பிடித்தது. சாதாரணமாகக் கத்துகிறாள். அதை மாற்றிவிடாதீர்கள்.

#15 | மூன்றுபிள்ளைஅப்பா

பாலம் வரைக்கும் படித்தேன். நடுப்பிள்ளையும் நானும் ஆளுக்கொரு அத்தியாயமாகச் சத்தமாக வாசித்தோம். அவன் ஏற்கெனவே முடித்ததுதான், எனக்காகத் திரும்ப வாசித்தான். கயிறு அறுகிற இடத்தில் என்னால் தொடர முடியவில்லை. அவன் புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கி, "நான் படிக்கிறேன்பா" என்று மீதியைப் படித்தான்.

மகிழ்ச்சியான முடிவு வேண்டும் என்ற என் கருத்தை நான் முழுதாக விட்டுவிடவில்லை. துக்கம் இருந்தாலே ஆழமான புத்தகம் என்று நினைத்து எழுதப்பட்ட புத்தகங்களும் இருக்கின்றன, அவற்றின்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. ஆனால் இந்தப் புத்தகத்தை அவர்களோடு சேர்த்துத் திட்டியது தவறு. ஆசிரியருக்கு எழுதிய கடிதத்தை அனுப்பவில்லை.

#16 | கேட்கும்நாற்காலி

நீங்கள் கோபப்படுவது சரிதான். நானும் சில புத்தகங்களை முடித்துவிட்டு, இதைப் படிக்கும் பிள்ளை எங்கே போய் நிற்கும் என்று பதறியிருக்கிறேன். எனக்கென்று ஒரு சோதனை வைத்திருக்கிறேன்: கடைசிப் பக்கத்தில் அந்தப் பிள்ளையிடம் பேச ஒரு ஆளாவது இருக்கிறாரா? லேக்கு நாட்குறிப்பும் அம்மாவும் இருக்கிறார்கள், கானருக்குப் பாட்டி இருக்கிறாள். ஆளே இல்லாமல் இருட்டில் விட்டுவிட்டுப் போகிற கதையைச் சிறாருக்குப் பரிந்துரைக்க மாட்டேன், எவ்வளவு அழகாக எழுதியிருந்தாலும்.

#17 | தாழ்வாரம்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

நூலகத்தார் சொன்னபடி நான்கு புத்தகங்களை மேசையில் போட்டுவைத்தேன். பத்து நாள் ஒன்றும் நடக்கவில்லை. வேடிக்கைக் கதையை மட்டும் எடுத்தாள். அப்புறம் ஒரு நாள் லேயின் கடிதங்கள் மேசையில் இல்லை. நான் கேட்கவில்லை, கேட்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை துணி மடித்துக்கொண்டிருந்தோம். திடீரென்று கேட்டாள்: "அவன் ஏன் நாயை அவங்க அப்பாகிட்டயே குடுத்துட்டான்?"

எனக்குத் தெரியலையே, நீ என்ன நினைக்கிறாய் என்றேன். ஒரு சட்டையை மடித்து, பிரித்து, மறுபடியும் மடித்தாள். "லாரியில தனியா போவாருல்ல" என்றாள். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அப்பா வீட்டுல ராத்திரி சாப்பிடும்போது யார் இருப்பாங்க?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பெரும்பாலும் தனியாகத்தான் சாப்பிடுவார், சில நாள் அத்தை வருவாள் என்று. அவள் தலையாட்டினாள். அப்போதுதான் நான் அன்று இரவு சொல்லத் தவறியதைச் சொன்னேன். நீ எதுவும் செய்யாமல் விட்டதால் நாங்கள் பிரியவில்லை, நீ எது செய்திருந்தாலும் சேர்ந்திருக்கவும் மாட்டோம், அது எங்கள் இரண்டு பேர் சம்பந்தப்பட்டது என்று. தெரியும் என்றாள். தெரியும் என்று சொன்ன விதத்தில் கொஞ்சம் தெரியும், கொஞ்சம் தெரியாது என்றுதான் எனக்குப் பட்டது. சரி, இன்னொரு நாள் சொல்ல வேண்டியிருந்தால் இன்னொரு நாளும் சொல்வேன்.

இப்போது இரவுச் சாப்பாட்டு நேரத்தில் அவரைக் கூப்பிட்டு, போனை உப்பு டப்பாமேல் சாய்த்துவைத்துப் பேசுகிறாள். அன்றைய வீட்டுப்பாடம், வகுப்பில் யார் யாரோடு சண்டை, இதெல்லாம்தான். நான் அடுத்த அறைக்குப் போய்விடுகிறேன்.

முதல் புத்தகம் இன்னும் அலமாரியில் சுவரைப் பார்த்தபடிதான் இருக்கிறது. தூசி தட்டும்போது எடுத்தேன், அப்படியே திரும்ப வைத்துவிட்டேன்.